தமிழ்த் தளத்துக்கு யூஆர்எல் அமைப்பது: கூகுளில் எது உதவும், எது கெடுக்கும்

தேடல் சொல்லை யூஆர்எல்லில், அதாவது பக்கத்தின் இணைய முகவரியில், திணித்தால் கூகுளில் மேலே வந்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் ஓயவில்லை. முகவரியில் இருக்கும் சொற்களுக்குத் தரவரிசையில் உள்ள எடை மிகக் குறைவு. கூகுளின் தேடல் பிரிவைச் சேர்ந்த ஜான் முல்லர் இதைப் பலமுறை சொல்லிவிட்டார். கூகுள் ஒரு பக்கத்தை இன்னும் படிக்காதபோது அது எதைப் பற்றியது என்று ஊகிக்க அந்தச் சொற்கள் கொஞ்சம் உதவும். படித்த பிறகு தலைப்பும் உள்ளடக்கமும் இணைப்புகளும்தான் கணக்கில் வரும். பத்தாவது இடத்தில் கிடக்கும் பக்கம், முகவரியில் ‘மீன்-குழம்பு’ என்று சேர்த்ததால் மட்டும் முதலிடத்துக்குப் போகாது.

யூஆர்எல்லால் கிடைக்கும் லாபம் சிறிது, நட்டம்தான் பெரிது. ஒரே பக்கம் ஐந்து முகவரிகளில் திறந்தால், வெளித்தளங்கள் தரும் இணைப்புகள் ஐந்தாகச் சிதறும். எதைக் காட்டுவது என்று கூகுளே முடிவு செய்யும், அது நீங்கள் நினைத்த முகவரியாக இல்லாமல் போகலாம். மூன்று வருடம் நன்றாக ஓடிய முகவரியை ‘அழகாக்க’ மாற்றிவிட்டுப் பழையதை அப்படியே விட்டால், அதுவரை சேர்த்த பெயர் ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கத்தில் போய் முடியும். எனவே ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி, அதுவும் மாறாத முகவரி என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வருவதெல்லாம் அதை அடையும் வழிகள்.

தமிழ் எழுத்திலா, ஆங்கில எழுத்திலா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். வாசகர்களின் மொழியிலேயே முகவரிச் சொற்களை வைக்கலாம் என்பதுதான் கூகுளின் வழிகாட்டுதல். தமிழ் ஸ்லக்கை (முகவரியின் கடைசியில் பக்கத்தின் பெயராக வரும் பகுதி) கூகுள் சரியாகப் படிக்கும், சரியாகக் காட்டும். தரவரிசையில் இரண்டுக்கும் பாகுபாடு இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே பயணிப்பதில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் இங்கே தனித்தனிக் குறிகள் என்பதை மறக்கக் கூடாது: ‘மீன்’ என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறி, யூஆர்எல்லில் 36 இடம்.

வேர்ட்பிரஸ் தளங்களில் இது நேரடியாகக் கடிக்கும். அங்கே ஸ்லக்குக்கு ஒதுக்கிய இடம் 200. தமிழில் அதற்குள் 22 குறிகள்தான் அடங்கும். ‘செட்டிநாட்டு மீன் குழம்பு செய்வது எப்படி’ என்று தலைப்பு வைத்துவிட்டு ஸ்லக்கைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ‘செட்டிநாட்டு’ 12 குறி, 108 இடம். ஹைஃபனோடு 109. ‘மீன்’ சேர்ந்து 145, அடுத்த ஹைஃபனோடு 146. மிச்சம் 54 இடம், அதாவது 6 குறி. ‘குழம்பு’க்கு 7 வேண்டும். முகவரி ‘செட்டிநாட்டு-மீன்-குழம்ப’ என்று அந்தரத்தில் நின்றுவிடும். அடுத்த வாரம் ‘செட்டிநாட்டு மீன் குழம்பு மசாலா பொடி’ எழுதினால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்படும். ஒரே ஸ்லக் இரண்டு முறை வரக் கூடாது என்பதால் வேர்ட்பிரஸ் வாலில் இன்னும் கொஞ்சம் நறுக்கிவிட்டு ‘-2’ ஒட்டும். இப்படி ‘-2’, ‘-3’ என்று முடியும் முகவரிகள் தமிழ் வலைத்தளங்களில் கொட்டிக் கிடப்பதற்கு இந்த 200 ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே வேர்ட்பிரஸில் தமிழ் ஸ்லக் வைப்பதானால் இரண்டு, மிஞ்சினால் மூன்று சிறிய சொற்கள். ‘மீன்-குழம்பு’ 100 இடம், தாராளமாக அடங்கும். ‘செய்வது எப்படி’, ‘சுவையான’, ‘முழு விவரம்’ போன்றவை தலைப்பில் இருக்கட்டும். ஸ்லக்கில் அவற்றுக்கு வேலை இல்லை.

ப்ளாக்கரில் கதை வேறு. தமிழ்த் தலைப்பை அது ஸ்லக்காக மாற்றாது. பொதுவான ஒரு சொல்லைப் போட்டுப் பின்னால் எண் ஒட்டிவிடும். பழைய தமிழ் வலைப்பூக்கள் பலவற்றின் முகவரிகள் ‘ப்ளாக்-போஸ்ட்_17’ என்ற பாணியில் இருப்பது அதனால்தான். வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டியில் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) என்பதைத் திறந்து கஸ்டம் என்று மாற்றி, ஆங்கில எழுத்தில் நீங்களே எழுத வேண்டும். அந்தப் பெட்டி தமிழ் எழுத்தை ஏற்காது. வெளியிட்ட பிறகு பூட்டிவிடும்; மாற்ற வேண்டுமானால் பதிவை மீண்டும் டிராஃப்ட் ஆக்க வேண்டும். முகவரியில் வரும் வருடம், மாதத்தை ப்ளாக்கரில் நீக்க வழியில்லை. அதனால் தரவரிசைக்குக் கேடும் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லை எழுதுவதென்றால் ஒரே ஒரு விதி: தளம் முழுக்க ஒரே எழுத்துமுறை. ழகரத்துக்கு ‘இசட்-எச்’ போடுவதா ‘எல்’ போடுவதா, நெடிலை இரட்டிப்பதா வேண்டாமா என்று முதல் நாளே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் குழம்பு மூன்று விதமாக எழுதப்பட்டு, அதே குறிப்புக்கு இரண்டு பக்கங்கள் உருவாகியிருக்கும்.

இரண்டில் எது? வாசகர்கள் பெரும்பாலும் தேடலில் இருந்து வருகிறார்கள் என்றால் குறுந்தமிழ் ஸ்லக் நன்று. வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாக இணைப்பு அதிகம் சுற்றும் என்றால் ஆங்கில எழுத்து நல்லது. உலாவியின் பட்டியில் அழகாகத் தெரியும் தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் நான்கு வரிக்குச் சதவீதக் குறிகள் கொட்டும். அதைப் பார்த்துப் பலர் வைரஸ் என்று பயந்து தொடுவதே இல்லை. தேடல் முடிவில் முகவரி அழகாகத் தெரியும் என்ற வாதமும் இப்போது பாதிதான் செல்லும். 2025 ஜனவரி முதல் கைப்பேசி முடிவுகளில் கூகுள் டொமைனை மட்டும் காட்டுகிறது, உள்பாதையைக் கணினியில்தான் காணலாம்.

தமிழ் டொமைன் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் நடைமுறையில் உள்ளன. அவற்றுக்குத் தேடலில் தனிச் சலுகை கிடையாது. பல படிவங்கள் அந்த முகவரியை ஏற்க மறுக்கும். வாங்கி வைத்து, முதன்மை டொமைனுக்குத் திருப்பிவிடுவது போதும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எஸ்இஓ (தேடலில் மேலே வரச் செய்யும் கலை) வழிகாட்டிகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது. கோயில் தளம் நடத்துபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ‘ஸ்ரீ’. யூனிகோடில் அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், அரிதாகப் பயன்படும் ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் பைட்டுகள் வேறு, எனவே முகவரிகளும் வேறு. ஒருவர் கைப்பேசி விசைப்பலகையிலும் இன்னொருவர் கணினியிலும் தட்டினால் ஒரே கோயிலுக்கு இரண்டு முகவரி வந்துவிடும், வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

‘கௌரி’யும் ‘கெளரி’யும் அப்படித்தான். முதலாவதில் ஔகாரக் குறி; இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும். ‘ஔவையார்’ ‘ஒளவையார்’ ஆவதும் இதே கோளாறு. ‘கொ’, ‘கோ’ வரிசையில் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு துண்டாகவும் இருக்கலாம். பழைய எழுத்துரு மாற்றிகள் துண்டாகத் தருவதுண்டு. போதாததற்கு, வேறு தளங்களில் இருந்து தலைப்பை நகலெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும்.

தீர்வு எளிது. ஸ்லக்கை நகலெடுக்காமல் கையால் தட்டுங்கள். தளத்தைச் சொந்தமாக எழுதியிருந்தால், ஸ்லக்கைச் சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேருங்கள். அது துண்டான குறிகளை ஒன்றாக்கும். ஆனால் ‘ஸ்ரீ’ இரட்டையையும் ஔ–ஒள குழப்பத்தையும் என்எஃப்சி சரிசெய்யாது. அவற்றுக்குத் தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் வேண்டும்.

குறிகளும் சாய்கோடும்

சொற்களைப் பிரிக்க ஹைஃபன் போடுங்கள், அண்டர்ஸ்கோர் வேண்டாம். கூகுளின் பரிந்துரையும் அதுதான். ஏற்கெனவே அண்டர்ஸ்கோரில் உள்ள பழைய பக்கங்களை இதற்காக மாற்றப் புறப்பட வேண்டாம். மாற்றுவதால் வரும் ஆபத்து, கிடைக்கும் பயனைவிட அதிகம்.

பாதையில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கூகுளுக்கு வேறு வேறு. எல்லாம் சிறிய எழுத்தாகவே இருக்கட்டும். கடைசியில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும்கூட இரண்டு முகவரிகள்தான் (முகப்புப் பக்கம் மட்டும் விலக்கு). எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்; மற்றது 301 ரீடைரெக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) ஆக வேண்டும். எச்டிடிபிஎஸ் இருப்பது, இல்லாதது, ‘டபிள்யூ’ மூன்றும் இருப்பது, இல்லாதது என்ற நான்கு வடிவங்களையும் உலாவியில் தட்டிப் பாருங்கள். நான்கும் ஒரே இடத்தில் வந்து முடிய வேண்டும், அதுவும் ஒரே தாவலில், அதாவது ஒரு ரீடைரெக்டுக்கு மேல் இல்லாமல்.

ஃபோல்டர், தேதி, வருடம்

முகவரியில் எத்தனை சாய்கோடு என்பதை கூகுள் எண்ணுவதில்லை. முகப்பில் இருந்து எத்தனை கிளிக்கில் அந்தப் பக்கத்தை அடையலாம் என்பதுதான் முக்கியம். ஐந்து ஃபோல்டர் ஆழத்தில் இருந்தாலும் முகப்பிலேயே இணைப்பு இருந்தால் அது முக்கியமான பக்கம். ‘எல்லாவற்றையும் ரூட்டில் (ஃபோல்டர் இல்லாமல் டொமைனுக்கு அடுத்தே) வை’ என்று யாராவது கட்டணம் கேட்டால் யோசியுங்கள்.

வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ் போய் ‘போஸ்ட் நேம்’ தேர்ந்தெடுப்பது பெரும்பாலான தளங்களுக்குப் போதும். பிரிவின் பெயரை முகவரியில் சேர்க்கும் அமைப்பைத் தவிர்க்கவே சொல்வேன். ‘அசைவம்’ பிரிவில் இருந்த பதிவைப் பிறகு ‘கடல் உணவு’க்கு மாற்றினால் முகவரியும் மாறிவிடும். பிரிவுகளை நாம் அடிக்கடி கலைத்து அடுக்குவோம். முகவரி அதோடு ஆடக் கூடாது.

ஒவ்வொரு வருடமும் திரும்ப வரும் தலைப்புகளில்தான் தமிழ்த் தளங்கள் அதிகம் இழக்கின்றன. பொங்கல் வைக்க நல்ல நேரம், பிளஸ் 2 தேர்வு முடிவு, குருப்பெயர்ச்சி பலன். வருடத்தை ஸ்லக்கில் போட்டுப் புதுப் பக்கம் தொடங்கினால், போன வருடம் கிடைத்த இணைப்புகள் போன வருடத்தோடு போய்விடும். ‘பொங்கல்-நல்ல-நேரம்’ என்று வருடம் இல்லாத ஒரு நிரந்தர முகவரி வையுங்கள். வருடத்தைத் தலைப்பிலும் உள்ளேயும் மாற்றுங்கள். பழைய தகவல் யாருக்காவது தேவைப்படும் என்றால் மட்டும் அதைத் தனிப் பக்கமாக எடுத்து வையுங்கள். நாள்தோறும் செய்தி போடும் தளத்துக்கு இது பொருந்தாது. அங்கே தேதியோ எண்ணோ இருப்பது இயல்பு.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தளம் இருந்தால் இரண்டு மொழிக்கும் தனித்தனி முகவரி தேவை; சிறிய தளத்துக்கு ஃபோல்டராகப் பிரிப்பது எளிது. ஒரே முகவரியில் குக்கியைப் பார்த்தோ நாட்டைப் பார்த்தோ மொழியை மாற்றிக் காட்டினால், பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளில் இருந்து வரும் கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரல்) உங்கள் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காமலே திரும்பிவிடும்.

ஒரே பக்கம், ஆயிரம் முகவரி

கடைத் தளங்களில்தான் உண்மையான சேதம் நடக்கிறது. ஒரு சேலைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டிகளாக 12 நிறம், 6 விலை வரம்பு, 5 துணி வகை, 4 வரிசைப்படுத்தும் முறை. நான்கையும் தேர்ந்தெடுத்தால் 1,440 முகவரிகள். கிளிக் செய்த வரிசையிலேயே பாராமீட்டர்கள் (முகவரியில் ‘?’ குறிக்குப் பின் வரும் தேர்வுகள்) ஒட்டிக்கொள்ளும்படி எழுதியிருந்தால் அது 24 மடங்காகி 34,560. இது ஒரே பிரிவுக்கு. காட்டும் சேலைகளோ 200 இருக்கலாம். கூகுள்பாட் இந்தக் காட்டில் அலையும்போது நேற்று ஏற்றிய புதிய சேலைப் பக்கம் வரிசையில் காத்திருக்கும்.

இதற்கு முதல் வேலை, மக்கள் உண்மையிலேயே எதைத் தேடுகிறார்கள் என்று பிரிப்பது. ‘மஞ்சள் காட்டன் சேலை’ தேடுவார்கள். ‘விலை குறைவில் இருந்து அதிகம்’ என்ற வரிசையை யாரும் தேடுவதில்லை. முதல் வகைக்குப் பாராமீட்டர் இல்லாத நிலையான முகவரி, சொந்தத் தலைப்பு, இரண்டு பத்தி விளக்கம், மெனுவில் இணைப்பு எல்லாம் கொடுங்கள். இரண்டாம் வகையை ரோபோட்ஸ் கோப்பில் (எங்கே நுழையக் கூடாது என்று கூகுள்பாட்டுக்குச் சொல்லும் கோப்பு) தடுங்கள், அல்லது ‘#’ குறிக்குப் பின்னால் வையுங்கள். அதற்குப் பின்னால் வருவதை கூகுள் பொதுவாகத் தனிப் பக்கமாகக் கொள்வதில்லை. பாராமீட்டர்களின் வரிசை எப்போதும் ஒன்றாக இருக்கும்படி நிரலில் கட்டுங்கள். ஒரு சேலைகூட இல்லாத சேர்க்கைக்கு ‘பொருள் இல்லை’ என்று சாதாரணப் பக்கம் காட்டாமல் 404 நிலையைத் திருப்பி அனுப்புங்கள். பழைய வழிகாட்டிகளில் சொல்லப்படும், சர்ச் கன்சோலில் (தளம் நடத்துபவர்களுக்கு கூகுள் தரும் இலவசச் சேவை) பாராமீட்டரை விலக்கும் கருவியைத் தேட வேண்டாம். கூகுள் அதை 2022இல் எடுத்துவிட்டது.

300 சமையல் குறிப்பு உள்ள தளம் இதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டியதில்லை. 10 லட்சம் பக்கங்களுக்கு மேல் உள்ளவையும், 10,000 பக்கங்களுக்கு மேல் வைத்து அவற்றை நாள்தோறும் மாற்றுபவையும்தான் கிரால் அளவைப் (கூகுள்பாட் எத்தனை பக்கம் படிக்கும் என்பதை) பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. சிறிய தளத்துக்கு, எது மூல முகவரி என்று பக்கத்துக்குள் அறிவிக்கும் கேனானிக்கல் குறிச்சொல் போதும். ஃபேஸ்புக் ஒட்டும் வால், விளம்பரத்தில் வந்தவர்களைக் கணக்கெடுக்கும் யூடிஎம் வால், ப்ளாக்கர் கைப்பேசிக்குச் சேர்க்கும் ‘எம்=1’ எல்லாவற்றையும் அதுவே மூல முகவரியைக் காட்டிச் சமாளித்துவிடும்.

கேனானிக்கலில் அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. தீம் ஒன்றும் ப்ளகின் ஒன்றுமாக இரண்டு குறிச்சொல் வருவது: இரண்டும் வேறு முகவரியைக் காட்டினால் கூகுள் இரண்டையும் தள்ளிவிடலாம். பட்டியலின் 2ஆம், 3ஆம் பக்கங்களுக்கு முதல் பக்கத்தையே கேனானிக்கலாகப் போடுவது: அந்தப் பக்கங்களில் மட்டும் இணைப்பு உள்ள பழைய பதிவுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டு அதே பக்கத்தில் கேனானிக்கலும் வைப்பது: உள்ளே நுழையவே முடியாத கூகுள் அதை எப்படிப் படிக்கும்?

முகவரியை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

நன்றாக ஓடும் முகவரியை அழகுக்காக மாற்றாதீர்கள். டொமைன் மாற்றம், ப்ளாக்கரில் இருந்து வேர்ட்பிரஸுக்கு நகர்வது, மேலே சொன்ன வெட்டுப்பட்ட ஸ்லக்குகள் மலிந்து குழப்பம் முற்றுவது ஆகியவை நியாயமான காரணங்கள்.

மாற்றும் முன் பழைய முகவரிகளின் முழுப் பட்டியலை எடுங்கள். சைட்மேப் (தளத்தின் முகவரிப் பட்டியல் கோப்பு), சர்ச் கன்சோல், சர்வர் பதிவு மூன்றில் இருந்தும் எடுக்க வேண்டும். சர்ச் கன்சோலில் திரையிலிருந்து இறக்கினால் 1,000 வரிகள்தான் வரும். பழையதற்கு நேராகப் புதியதை எழுதுங்கள், ஒன்றுக்கு ஒன்று. நேர்ப் பக்கம் இல்லாததை முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404 (பக்கம் திறந்தாலும் இல்லாததற்குச் சமம்) என்று ஒதுக்கும். அதைவிட நேர்மையான 404 மேல். நிரந்தர மாற்றத்துக்கு 301 போடுங்கள், தற்காலிக மாற்றத்துக்கான 302 வேண்டாம். பழையதில் இருந்து புதியதுக்கு ஒரே தாவல். கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும் என்பது உண்மைதான், அதற்காகச் சங்கிலி கட்ட வேண்டாம்.

வேர்ட்பிரஸில் வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழையதில் இருந்து அதுவே திருப்பிவிடும். ‘பேஜ்’ வகைக்கு அந்த வசதி இல்லை. அங்கே நீங்களே ரீடைரெக்ட் போட வேண்டும்.

தமிழ் முகவரிக்கு அப்பாச்சே சர்வரில் ரீரைட் விதி (முகவரியைத் திருப்பும் கட்டளை) எழுதும்போது ஒரு பொறி உண்டு. சதவீதக் குறிகளைப் பிரித்துத் தமிழ் எழுத்தாக்கிய பிறகுதான் சர்வர் ஒப்பிடுகிறது. எனவே இடப்பக்கத்தில் சதவீத வடிவத்தை ஒட்டினால் விதி எதற்குமே பொருந்தாது. தமிழ் எழுத்திலேயே எழுதி, கோப்பை யூடிஎஃப்-8ஆகச் சேமிக்க வேண்டும். வலப்பக்கத்தில் சதவீதக் குறி இருந்தால் அதை இன்னொரு முறை மாற்றிவிடும். திரும்பிய முகவரியில் எங்கு பார்த்தாலும் %25 தெரிந்தால் நடந்தது இதுதான். ‘என்இ’ கொடியைச் சேர்த்து, ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு போட்டால் சரியாகும்.

பிறகு உள் இணைப்புகள், மெனு, கேனானிக்கல், சைட்மேப் எல்லாவற்றிலும் புதிய முகவரியை நேரடியாக எழுதுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரி அல்லது 50 எம்பி வரைதான் இருக்கலாம். ரீடைரெக்ட் ஆகும் முகவரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரீடைரெக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். செலவில்லாத வேலை, எடுக்காமலே விட்டுவிடுங்கள். முதல் சில வாரங்கள் வரவு ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் முகவரியை மாற்றுவதுதான் நிலைமையைக் கெடுக்கும்.

மாற்றம் ஏறிவிட்டதா என்று பார்க்க, சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் புதிய முகவரியைக் கொடுங்கள். நீங்கள் அறிவித்த கேனானிக்கலும் கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிக்கலும் அடுத்தடுத்துத் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. வேறாக இருந்தால், கூகுள் எந்த முகவரியை எடுத்துக்கொண்டிருக்கிறதோ அதற்கு உங்கள் தளத்துக்குள்ளேயே எங்கிருந்தாவது இணைப்பு போகிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் மெனுவிலோ பழைய சைட்மேப்பிலோ சிக்கும். ‘லைவ் டெஸ்ட்’ பொத்தானில் இந்த விவரம் வராது. இண்டெக்ஸில் உள்ள பதிப்பைத்தான் பார்க்க வேண்டும்.